உலக முடிவில் நாம் கண்டது

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு, மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)





நாங்கள் சென்று வந்த ஒரு பயணத்தைப் பற்றி இன்றைய கூட்டத்தில் பேசுமாறு செயலாளர் பணித்தார். பேசுகின்றவன் ஒருவனே ஆயினும் சென்று வந்தவர்கள் 14 பேர். அவர்கள் அனைவரின் சார்பிலும் பேசக் கடமைப்பட்டிருப்பதனால் ‘நான்’ என்னும் சொல்லை மண்டபத்து வாசலிலேயே விட்டுவிட்டு, ‘நாங்கள்’ என்றே பேச விரும்புகிறோம்.

பயணம் என்றதும் கதிர்காமமோ சிவனொளிபாத மலையோ உங்கள் நினைவுக்கு வரக்கூடும். நாங்கள் சென்றது கோயிலுக்கன்று. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவிலே, ‘உலக முடிவு’ என்று பெயர் பெற்ற மலை விளிம்புக்குச் சென்று வந்தோம். இந்தப் பயணத்திற்குச் சங்கத்தின் அனுமதியைக் கேட்டபோது பெரியவர் ஒருவர் எங்களை நோக்கி, “மலையிலே பிறந்தவனுக்கு மலையைப் பார்க்கச் செலவா? அந்தக் காசுக்கு நாலு பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்கலாமே!” என்றார். அவர் இன்றும் இந்தச் சபையிலே வீற்றிருக்கிறார். அன்று எங்களால் அவருக்குச் சரியான விடை கூற முடியவில்லை. இந்தப் பேச்சு முழுவதும் அவருக்கு நாங்கள் கூறும் விடையே என்று கொள்ளலாம்.

எங்களில் பலர் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். பூமிசாஸ்திர பாடத்திலே அல்ப்ஸ் மலையின் உயரத்தை மனனம் செய்தோம். இங்கிலாந்தின் ஏரிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் பெற்றோம். ஆசிரியர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் கண்களைத் திறந்துவிட்டவர்கள் அவர்களே. ஆனால் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் தெரிகின்ற நமுனுகுல மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நாங்களும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிறந்து, பல்கலைக்கழகம் வரை சென்றுவிட்ட எங்களுக்கு, எங்கள் மாவட்டத்தின் எல்லையிலேயே இருக்கும் ஒரு மலையைத் தெரியாது. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலே தொங்கிய நாட்காட்டியிலேதான் நாங்கள் அதைப் பார்த்திருந்தோம்!

முதன்முறை நாங்கள் சென்றது 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது: அந்தப் பயணம் தோல்வியில் முடிந்தது. காலைப் புகையிரதத்தில் பதுளையில் ஏறினோம். ஹாலி எல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை என்று ஒவ்வொரு நிலையமாக மேலே ஏறி, ஒஹியவிலே இறங்கினோம். அங்கிருந்து பூங்காவின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 11 கிலோமீற்றர் ஏற்றம். பாட்டும் கூத்துமாக ஏறத் தொடங்கியவர்கள் பாதி வழியிலே மூச்சு வாங்கினோம். நண்பகல் கடந்து விளிம்பை அடைந்தபோது எங்கள் முன்னே தெரிந்தது வெள்ளைச் சுவர் போன்ற பனிமூட்டம் ஒன்றுதான். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒரு மணி நேரம் குளிரில் நடுங்கியபடி நின்றோம். பனி விலகவேயில்லை. “உலகம் இங்கே முடிந்துவிட்டது என்பது மெய்தான், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை” என்று நண்பர் ஒருவர் சொல்ல, அழமாட்டாமல் சிரித்தோம்.

திரும்பி வந்த பின்னரே காரணத்தைப் படித்து அறிந்தோம். காலையிலே கதிரவன் ஏற ஏற, தெற்கே தாழ்ந்த நிலத்துக் காற்று சூடேறி, செங்குத்தான மலைச்சுவரைத் தழுவி மேலெழுகிறது. உயரச் செல்லச் செல்ல அது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி முகிலாகத் திரண்டு விளிம்பை மூடிவிடுகிறது. ஆதலால் காலை 10 மணிக்கு முன்னரே அங்கே நிற்பவனுக்குத்தான் காட்சி கிட்டும். ஓகஸ்ட் மாதமும் அதற்கு உகந்த காலமன்று. ஆண்டின் முதல் மூன்று மாதங்களே பெரும்பாலும் வானம் தெளிந்திருக்கும் காலம். ஊரை அறியாதவன் ஊரின் காலத்தையும் அறியான் அன்றோ? இந்தச் சிறு விஷயத்தைக் கூடச் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்பட்ட கைந்நூலைப் பார்த்தே மலைநாட்டுப் பிள்ளைகளாகிய நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே புறப்பட்டோம். இம்முறை ஒன்பது இளைஞரும் நான்கு யுவதிகளும், அவர்களுக்குத் துணையாக எங்கள் உறுப்பினர் ஒருவரின் தாயாரும் வந்தனர். முதல் நாள் மாலையே ஒஹியவுக்குக் கீழேயுள்ள ஒரு தோட்டத்தை அடைந்து, உடன் வந்த ஒருவரின் அம்மாயி வீட்டிலே தங்கினோம். லயத்து அறை ஒன்றிலே 14 பேர் எப்படித் தங்குவது என்று நீங்கள் கேட்கலாம். லயத்திலே பிறந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பக்கத்துக் காம்பராக்களிலிருந்தும் பாய் வந்தது, கம்பளி வந்தது, பெரிய கேத்தல் நிறையச் சாயத் தண்ணீரும் வந்தது.

அம்மாயிக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. அந்த மலையடியிலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே பேரன் பேத்தி கண்டவர். “அம்மாயி, நீங்க உலக முடிவுக்குப் போயிருக்கீங்களா?” என்று கேட்டோம். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நான் எதுக்கு ராசா அங்க போறேன்? பெரட்டுக்குப் போனேன், மலைக்குப் போனேன், கொழுந்து நிறுக்கப் போனேன். அங்க போனா பேர் போடுவாங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். எனினும் அந்தக் கேள்வி எங்கள் மனதிலே தைத்துவிட்டது. பேர் விழாத இடத்துக்குப் போக அவருக்கு வாழ்நாளில் ஒரு நாளாவது கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இருட்டிலே காட்டுப் பாதையில் நடக்க வேண்டாம், சிறுத்தை நடமாடும் இடம் என்று லயத்தார் எச்சரித்தபடியால் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு விடியுமுன் ஏறினோம். பூங்காவின் வாயிலிலே நுழைவுச்சீட்டு பெற்றோம். அங்கே எங்கள் பைகளைச் சோதித்து, பொலித்தீன் உறைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அம்மாயி கட்டித் தந்த ரொட்டியும் கட்டைச் சம்பலும் காகிதத்துக்கு மாறின. இது தொல்லை என்று முதலில் முணுமுணுத்தோம். மரைகள் பொலித்தீனைத் தின்று மடிகின்றன என்று காவலர் விளக்கிய பின்னர் வாய் மூடிக்கொண்டோம்.

இனி அந்தச் சமவெளியைப் பற்றிச் சிறிது கூறுவோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2100 மீற்றருக்கு மேலே, அதாவது 7000 அடி அளவிலே, விரித்த பாய் போலக் கிடக்கிறது அது. பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களும் சந்திக்கும் பகுதி. இலங்கையின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய கிரிகல்பொத்தையும் (2395 மீற்றர்), மூன்றாவது சிகரமாகிய தொட்டுபொலவும் (2357 மீற்றர்) அதன் காவலர் போல நிற்கின்றன. சிங்கள மக்கள் அதனை ‘மகா எலிய’ என்பர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த ஹோட்டன் என்பவரின் பெயரை ஆங்கிலேயர் அதற்கு இட்டனர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் அங்கிருந்தே நீர் செல்கிறது. மரக்கிளைகளிலே தொங்கும் பாசியும், குடை விரித்தாற்போன்ற மரங்களும் முகிலிலிருந்து ஈரத்தைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. மழை பெய்யாத நாளிலும் அந்தக் காடு நீர் தருகிறது என்றால் அது மிகையன்று.

இவ்வளவு உயரத்திலே ஏன் தேயிலை இல்லை என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. மலைநாட்டின் காடுகளையெல்லாம் கோப்பிக்காக வெட்டிச் சாய்த்த காலத்திலே, 1873 ஆம் ஆண்டில், லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர் என்னும் அறிஞர், 5000 அடிக்கு மேலேயுள்ள காடுகளைத் தொடலாகாது என்று அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். அந்த அறிவுரையின் பயனாகத் தப்பியவற்றில் ஒன்று இச்சமவெளி. 1969 இல் அது இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் கொண்ட ஒரு வட்டம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். வெள்ளைத் துரைமார் வேட்டைக்கு வந்து தங்கிய பழைய விடுதியருகே நடக்கத் தொடங்கினோம். பத்தனைப் புல்லின் நுனியெல்லாம் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. சிறிது தூரத்திலே மரைக்கூட்டம் ஒன்று தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கியது. புல்வெளியைக் கடந்ததும் காடு. காட்டைக் கடந்ததும் மீண்டும் புல்வெளி. பாதை கல்லும் வேரும் சேறுமாக இருந்தது. தமிழ்நாட்டுக் குறிஞ்சிச் செடியின் இனத்தைச் சேர்ந்த ‘நெலு’ என்னும் செடி அங்கே அடர்ந்து வளர்கிறது. பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே அது கூட்டமாகப் பூக்கும். பூவை நாங்கள் காணவில்லை. எனினும் மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று தமிழ்ப் பாடத்திலே படித்த வரியை, அந்தச் செடியின் நடுவே நின்றபோதுதான் உணர்ந்தோம்.

முதலில் எதிர்ப்பட்டது ‘சிறிய உலக முடிவு’. அங்கேயே பலருக்குத் தலை சுற்றியது. அங்கிருந்து மேலும் நடந்து, காலை 8 மணியளவிலே பெரிய உலக முடிவை அடைந்தோம்.

சபையோரே, அந்தக் கணத்தை எப்படி விவரிப்பது? காலடியிலே நிலம் திடீரென அறுந்து போகிறது. நேர் கீழே ஏறக்குறைய 870 மீற்றர், அதாவது 2800 அடிக்கு மேற்பட்ட பாதாளம். வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. மலைமேல் மலையாகத் தெற்கே இறங்கிச் சென்று, நீலமாகி, பின் சாம்பல் நிறமாகி, சமநிலத்தோடு கலக்கும் காட்சி. மிகத் தெளிந்த நாளிலே தென்கடலும் தெரியும் என்பர். கடலை நாங்கள் காணவில்லை. தொலைவிலே ஒரு நீர்த்தேக்கம் வெள்ளித் தகடு போல மின்னியது.

முதலில் எவரும் பேசவில்லை. பின்னர் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினோம். புகைப்படம் எடுக்கும் ஆவலிலே எங்கள் தம்பி ஒருவன் தடுப்பைத் தாண்டி இரண்டடி முன்னே வைத்தான். அவன் மிதித்த கல் அசைந்தது. உடன் வந்த தாயார் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்ததனாலேயே இன்று அவன் இந்தச் சபையின் பின்வரிசையிலே இருக்கிறான். 2015 ஆம் ஆண்டிலே வெளிநாட்டவர் ஒருவர் அதே விளிம்பில் தவறி விழுந்து, சற்றுக் கீழேயிருந்த மரங்களிலே தங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் அவரை மீட்டெடுத்தனர். எல்லோருக்கும் அங்கே மரம் காத்திருக்கும் என்று எண்ணலாகாது. இளைஞர்கள் இதை மனதிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

படபடப்பு அடங்கிய பின், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நேர் கீழே உற்று நோக்கினோம். அடிவாரத்திலே பச்சைச் சீலையை உதறி விரித்தது போல ஒரு தேயிலைத் தோட்டம். அது சபரகமுவ மாகாணத்தைச் சேர்ந்த நொன்பரெல் தோட்டம். அந்தப் பச்சையின் நடுவே நான்கைந்து தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கியது போலத் தகரக் கூரைகள். அவற்றின் மேல் மெல்லிய புகை. “அது லயம்!” என்று யுவதிகளில் ஒருவர் கூவினார். “எங்கள் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த தோட்டம் அதுதான்.”

அப்பொழுது எங்கள் அருகிலே வேறு பயணிகளும் நின்றார்கள். அவர்களும் அதே கூரைகளைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது காட்சி. எங்களுக்கோ அது வீடு. அந்தப் புகை எந்த அடுப்பிலிருந்து, எந்த வேளையில், எதற்காக எழுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். பெரட்டுக்குப் போன தாய் திரும்பி வருமுன் பிள்ளைக்கு ரொட்டி சுடுகின்ற பாட்டியின் அடுப்புப் புகை அது. உலகம் முடிகிறது என்று வழிகாட்டிப் பலகை சொல்லும் இடத்திலேதான் எங்கள் உறவினரின் உலகம் தொடங்குகிறது!

உயரத்திலிருந்து பார்ப்பது என்பது சாதாரண விஷயமன்று, பெரியோர்களே. நம் அப்புத்தளைக்கு மேலே ‘லிப்டன் இருக்கை’ என்றோர் இடம் உண்டு. 1890 இல் இலங்கைக்கு வந்து தம்பேதென்ன தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், அங்கே அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிடுவார் என்று சொல்லப்படுகிறது. நூற்றாண்டுக்கு மேலாக மலைநாட்டிலே மேலிருந்து பார்த்தவர்கள் துரைமார். கீழிருந்து பார்க்கப்பட்டவர்கள் நம்மவர். துரையின் பங்களா குன்றின் உச்சியிலே, லயம் பள்ளத்திலே. மேலிருந்து பார்ப்பவனுக்கு முழு நிலமும் தெரியும். கீழே குனிந்து கொழுந்து கிள்ளுபவளுக்கோ தன் நிரை மட்டுமே தெரியும். அன்று அந்த விளிம்பிலே நின்றபோது, கொழுந்து கிள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் முதன்முறையாக முழு நிலத்தையும் கண்டோம்.

முழு நிலத்தைக் கண்டபோது சில விஷயங்கள் விளங்கின. தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலைத்தொடரின் மேற்குப் பக்கத்திலே தன் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் வீசுகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றினாலேயே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வாய்க்கிறது. உலகச் சந்தையிலே அந்த மணத்துக்கு விலையுண்டு. அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து, உதடு வெடிக்கக் கொழுந்து பறித்தவர்களின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் இல்லை.

நடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் எண்ணற்றோர். 2023 ஆம் ஆண்டிலே, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றதை நீங்கள் அறிவீர்கள். முன்னோர் நடந்த நடை வயிற்றுக்காக. நாங்கள் நடந்த நடை கண்ணுக்காக. வயிற்றுக்காக நடந்தவர்களின் பிள்ளைகள் கண்ணுக்காக நடக்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றிருக்கின்றன. இதனை வீண் செலவு என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னுமொன்று. அந்த இடத்தின் பெயர் ‘தேசியப்’ பூங்கா. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரிற் பெரும்பாலோரைத் தேசமற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்து, குடும்பங்களைத் துண்டாடியது. சமவெளி தேசியப் பூங்காவான அதே 1988 இலே நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமொன்று வந்தது. அதன் பின்னும் எஞ்சியோருக்கு 2003 இலேதான் வழி பிறந்தது. காட்டுக்குத் தேசம் கிடைத்த பிறகும் அந்தக் காட்டின் அடியிலே வாழ்ந்தவர்களுட் பலர் தேசத்துக்காகக் காத்திருந்தார்கள்! ஆதலால் அன்று வாயிலிலே உள்நாட்டவருக்குரிய சீட்டைக் கேட்டு வாங்கியபோது, அதன் விலையைவிட அதன் மதிப்பு பெரிதென்று எங்களுக்குத் தோன்றியது.

9 மணி கடந்ததும் பள்ளத்திலிருந்து முகில் எழத் தொடங்கியது. முதலில் லயங்கள் மறைந்தன. பிறகு தேயிலை மறைந்தது. கால் மணி நேரத்திலே நாங்கள் முன்னொரு முறை கண்ட அதே வெள்ளைச் சுவர் மீண்டும் எழுந்துவிட்டது. பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வட்டத்தை முடித்து, ஒஹியவுக்கு இறங்கு பாதையிலே கால்நடையாகவே வந்தோம்.

அம்மாயி வாசற்படியிலே காத்திருந்தார். “என்ன ராசா பாத்தீங்க?” என்றார்.

“லயத்தப் பாத்தோம், அம்மாயி.”

“லயத்தப் பாக்கவா காசு குடுத்து அவ்வளவு தூரம் போனீங்க?” என்று சிரித்தவர், சற்றுப் பொறுத்துக் கேட்டார்: “மேல இருந்து பாத்தா எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப அழகா இருந்துச்சு, அம்மாயி.”

“தூரத்துல நின்னு பாத்தா எல்லாமே அழகுதான். கூரை ஒழுகுறது தெரிஞ்சுதா?”

எங்களிலே எவருக்கும் விடை வரவில்லை. பட்டப்படிப்புப் படிக்கிறவர்கள், மேடையிலே பேசுகிறவர்கள், பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் தலை குனிந்து சாயத் தண்ணீரைக் குடித்தோம்.

அந்தக் கேள்வியை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறோம். கூரை ஒழுகுவது மட்டுமா மேலிருந்து தெரியவில்லை? மலைச்சரிவிலே வெட்டிய மேடைகளில், நீரோடைகளுக்கு அருகே, செங்குத்தான மண்ணுக்குக் கீழே லயங்கள் நிற்பதைப் பார்த்தோம். அதையும் அழகென்றே எண்ணினோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையிலே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்துவிடலாகாது. அபாயமான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த பூமி அது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எங்கள் பயணத்துக்குப் பின், 2025 நவம்பர் இறுதியிலே வந்த தித்வா புயலும் நம் மாவட்டத்திலே எத்தனையோ சரிவுகளை உண்டாக்கி, உயிர்களைக் கொண்டு போயிற்று. நாங்கள் பாடிக்கொண்டு சென்ற இருப்புப்பாதையும் அதிலே சேதமடைந்தது.

ஆகவே, பெரியவர் கேட்ட கேள்விக்கு விடையாக நாங்கள் கூறுவது இதுதான். மலையிலே பிறந்தவனும் மலையைப் பார்க்க வேண்டும். அருகிலிருந்து பார்த்தால் கூரையின் ஓட்டை தெரியும்; உயரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கூரை எந்தச் சரிவின் கீழ் நிற்கிறது என்பது தெரியும். ஒன்றை மட்டும் பார்ப்பவன் முழுதும் அறியான். துரைமார் மேலிருந்து மட்டும் பார்த்தார்கள். ஒழுகல் அவர்களுக்குத் தெரியவில்லை. நாம் இதுவரை கீழிருந்து மட்டும் பார்த்தோம். சரிவு நமக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் நின்று பார்க்கும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்கே முதன்முதலாக வாய்த்திருக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விடுவது பெரும் பிழையாகும்.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஆண்டுதோறும் சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையிலே ஒரு நாள், நம் இளைஞர் யுவதிகளை இத்தகைய நடைப்பயணத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். புயலுக்குப் பின் பாதைகளின் நிலையை விசாரித்தறிந்த பின்னரே புறப்பட வேண்டும். பொலித்தீன் வேண்டாம்; நல்ல சப்பாத்து வேண்டும்; 10 மணிக்கு முன் விளிம்பிலே நிற்க வேண்டும். இரண்டாவது, செல்கின்றவர்கள் திரும்பி வந்து, தத்தம் தோட்டத்திலே எந்த லயம் எந்தச் சரிவின் கீழ் நிற்கிறது, மழைக் காலத்திலே எங்கே மண் வெடிக்கிறது, எங்கே புதிய ஊற்று கிளம்புகிறது என்பவற்றை ஒரு கொப்பியிலே எழுதி வைக்க வேண்டும். சரிவுக்கு முன்னால் மண் காட்டும் அடையாளங்கள் அவை. அதிகாரிகளிடம் செல்லும்போது வெறுங்கையோடு செல்லாமல் அந்தக் கொப்பியோடு செல்வோம். பெரியவர் வாங்கச் சொன்ன கொப்பிக்கும் அப்போது வேலை வந்துவிடும்!

மூன்றாவது வேண்டுகோள் சிறியது. அடுத்த பயணத்திலே இரண்டு இடங்களை மூத்த தாய்மாருக்கு ஒதுக்க வேண்டும். வேனிலே ஏற்றிச் செல்வோம். நடக்க இயன்ற மட்டும் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். அம்மாயியிடம் இதைக் கூறியபோது, “பேர் போடுவாங்களா?” என்று மீண்டும் கேட்டார். “உங்க பேர நாங்க எழுதுவோம், அம்மாயி” என்றோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.